முழங்கால் வலிக்கு எது: குளுக்கோசமைனா, குர்குமினா?

மாடிப்படி ஏறினால் வலது முழங்கால் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்த பிறகு, இரண்டையும் தனித்தனியாக மாதக்கணக்கில் சாப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். இப்போது நான் குர்குமின் கட்சி, அதாவது மஞ்சளில் இருக்கும் சத்தின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். வழக்கமான அளவு நாளுக்கு 1500 மில்லிகிராம். கூடவே காண்ட்ராய்டின் 1200. இரண்டும் குருத்தெலும்பில் இயல்பாகவே இருக்கும் சரக்கு என்பதால், தேய்ந்த இடத்தைப் பூசி அடைத்துவிடும் என்று மனசு நம்பிவிடுகிறது. விழுங்கியதெல்லாம் நேரே முழங்காலில் போய் உட்காருமா என்ன?

அமெரிக்காவில் 1583 பேரை வைத்து நடத்திய கெய்ட் ஆய்வு 2006-ல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே சுமார் 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 67 சதவீதம். அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. வலி அதிகமாக இருந்த ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் பலன் தெளிவாகத் தெரிந்தது. அதனால் ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை.

ஆனால் நான் முடிவெடுத்தது வேறொரு விஷயத்தை வைத்து. மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்று நானே சோதித்துப் பார்க்க முடிகிறதா? மூட்டு வலி ஒரே சீராக இருக்காது. ஒரு மாதம் படுத்தும், மறு மாதம் தானாகவே அடங்கும். குளுக்கோசமைனுக்கு இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். அதற்குள் வலி குறைந்தால் மாத்திரையாலா, காலத்தாலா? நிறுத்தினாலும் உடனே எதுவும் தெரியாது. நான்கு மாதம் சாப்பிட்டேன். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்படித்தான் பலர் நிறுத்தப் பயந்துகொண்டே வருஷக்கணக்கில் வாங்குகிறார்கள்.

குர்குமினில் நாலு வாரத்தில் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. தாய்லாந்தில் 367 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வின் காலமே நாலு வாரம்தான். அதில் தினம் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, 1200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரைக்கு வலியிலும் நடையிலும் சளைக்கவில்லை. வயிற்று உபாதையும் குறைவு. நான் செய்தது இவ்வளவுதான்: தினமும் காலையில் முதல் மாடிப்படி இறங்கியதும், வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை காலண்டரில் பென்சிலால் குறித்தேன். ஆரம்பத்தில் ஆறும் ஏழுமாக இருந்தது, நாலாவது வாரம் நாலுக்கும் மூன்றுக்கும் வந்தது. நிறுத்தினேன், பத்து நாளில் ஐந்தைத் தொட்டது. மறுபடி ஆரம்பித்தேன், இறங்கியது. இதிலும் மனப்பிரமை கலந்திருக்கலாம். ஒரு முழங்காலின் கணக்கு ஆய்வாகாது.

குர்குமினின் பலவீனம், அது சுலபமாக ரத்தத்தில் சேராது. மஞ்சளிலேயே அது சுமார் 3 சதவீதம்தான். அதனால்தான் மாத்திரைகளில் மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அது மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம். உறிஞ்சலைக் கூட்டிய வகைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இரண்டில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மீன் எண்ணெய்? அது முடக்குவாதக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் பொருந்தும், அதுவும் அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு நாளுக்கு 3 கிராம் அளவுக்குப் போனால். 1000 மில்லிகிராம் என்று போட்ட சாதாரண மாத்திரையில் ஒமேகா-3 இருப்பது 300 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டால் தினம் பத்து. கொலாஜன் ஒரு டப்பாதான் சாப்பிட்டேன், அதை வைத்து அபிப்பிராயம் சொல்வது நியாயமில்லை.

இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கிறேன். இந்த முறை எண் ஏறவே இல்லை. அதனால் புது டப்பா இன்னும் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.