இதய எம்ஆர்ஐ: 14,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

போன மாதம் மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் அப்பாவுக்கு இதய எம்ஆர்ஐ எடுத்தோம். ஸ்கேனுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், சென்டருக்கு இரண்டரைதான். பெயரைப் போடவில்லை, சொல்லப்போகும் குறைகளில் பாதி எல்லா இடத்திலும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பாவுக்கு 63 வயது, ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனபோது எக்கோ ஸ்கேனில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளுகிற பங்கு) 30 சதவீதம். ஆஞ்சியோவில் அடைப்பு ஒன்றும் இல்லை, இதயத் தசையே தளர்ந்து பெரிதாகியிருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் மாத்திரை, அப்புறம் மறுபடி எக்கோ, அப்போதும் 35-க்கு மேல் வரவில்லை என்றால் ஐசிடி வைப்பதைப் பற்றிப் பேசுவோம் என்றார். ஐசிடி என்பது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கிற சின்னப் பெட்டி. ஒரு வயர் இதயத்துக்குள் போகும், துடிப்பு தறிகெட்டு ஓடினால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்து நிறுத்தும். விலை லட்சங்களில். சில வருடங்களில் பேட்டரி தீர்ந்து பெட்டியை மாற்ற வேண்டிவரும், சிலருக்குத் தேவையில்லாமலும் ஷாக் அடித்துவிடும். சும்மா இருக்கட்டும் என்று வைத்துக்கொள்கிற சாமான் இல்லை.

மூன்று மாதம் முடிந்து எக்கோ எடுத்தால் ஒரு இடத்தில் 34, இன்னொரு இடத்தில் 38! ஒரே வாரம், ஒரே இதயம். எக்கோவில் ஆளுக்கு ஆள் இப்படி நாலைந்து புள்ளி மாறுவது சகஜமாம். இதற்கு நடுவில் ரேஷன் கடை வரிசையில் அப்பா மயங்கி விழுந்து, அரை நிமிடத்தில் எழுந்து, "வெயிலுப்பா" என்று சொல்லி அரிசியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கே வந்தார். நடந்தது மறுநாள்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த 35 எங்கிருந்து வந்தது என்று டாக்டரிடமே கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். 2005-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், பம்பிங் 35-ம் அதற்குக் கீழும் இருந்த 2,521 பேரைச் சேர்த்துப் பார்த்ததில், கருவி வைத்தவர்களிடம் மரணம் 23 சதவீதம் குறைந்ததாம். அதாவது 35 என்பது ஆய்வில் ஆள் சேர்க்க வைத்த வாசற்படி, இதயத்துக்குள் அப்படி ஒரு கோடு கிடையாது. அப்புறம் 2016-ல் டென்மார்க்கில் அப்பா மாதிரி அடைப்பு இல்லாத 1,116 பேரைப் பார்த்தார்கள். கருவி வைத்தவர்களில் திடீர் மரணம் பாதியாகக் குறைந்தது, ஆனால் எல்லாக் காரணத்தையும் சேர்த்த மொத்த மரணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, 21.6-க்கு 23.4 சதவீதம். அப்படியானால் இவர்களில் யாருக்குத்தான் நிஜமாகவே தேவை? அதைப் பார்க்கத்தான் எம்ஆர்ஐ என்றார்.

எம்ஆர்ஐ தேடுவது தழும்பை. தசைக்குள் தழும்பு இருந்தால் மின்னோட்டம் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி, உயிருக்கே ஆபத்தான வேகத் துடிப்பைக் கிளப்பிவிடும். காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றிப் பத்து நிமிடம் போல விட்டுப் படம் எடுக்கிறார்கள். நல்ல தசையிலிருந்து மருந்து சீக்கிரம் வடிந்துவிடும், தழும்பில் தங்கிவிடும். அதனால் நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். எக்கோவில் இது இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

இனி சென்டர். 10 மணிக்கு வரச் சொல்லிவிட்டு 12.40-க்கு உள்ளே கூப்பிட்டார்கள். கிரியாட்டினின் ரிப்போர்ட் வேண்டும் என்பதை அங்கே போன பிறகுதான் சொன்னார்கள் (சிறுநீரகம் மோசமாக இருந்தால் அந்த மருந்தில் யோசனை உண்டு, கேட்பது நியாயம்தான், போனிலேயே சொல்லியிருக்கலாம்). நெஞ்சு முடியை மழித்து ஸ்டிக்கர் ஒட்டி, கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டு, அவசரத்துக்கு அமுக்க ஒரு ரப்பர் பல்பையும் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். சத்தம் பழைய பஸ் மலையேறுகிற மாதிரி இருந்ததாம், அவருக்கு அது தாலாட்டு.

கூத்து அதற்குப் பிறகு. ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை விட்டுவிட்டு அப்படியே நிறுத்த வேண்டும். அதை ஹெட்போனில் சொல்வது பதிவு செய்த ஆங்கிலக் குரல். அப்பா மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்று பதில் சொல்லியிருக்கிறார், படமெல்லாம் கலங்கல். இருபது நிமிடம் வீண். கடைசியில் டெக்னீஷியன் பெண் குரலை நிறுத்திவிட்டு மைக்கில் தானே, "ஐயா, மூச்ச விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க, நான் சொன்னப்புறம் இழுங்க" என்றது. அடுத்த படத்திலிருந்து எல்லாம் பளிச். அந்தப் பெண்ணுக்காகத்தான் அந்த இரண்டரையும்.

ரிப்போர்ட்டில் பம்பிங் 36. தழும்பு இருக்கிறது என்று ஒரே வரி; எங்கே, எவ்வளவு என்று ஒன்றும் இல்லை. படங்கள் இருந்த சிடியும் டாக்டரின் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. திரும்பப் போய்ச் சண்டை போட்டு வாங்கிய இரண்டாவது ரிப்போர்ட்டில்தான், இரண்டு கீழறைகளுக்கும் இடையில் உள்ள சுவரின் நடுவில் தழும்பு என்று விவரமாக வந்தது. இந்த முறை டாக்டர் படத்தைத் திறந்து காட்டினார், சுண்ணாம்பால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மயக்கம் ஒன்று, தழும்பு ஒன்று. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலில், இப்படி இரண்டு சேர்ந்தால் பம்பிங் 50-க்குக் கீழே இருந்தாலே கருவியை யோசிக்கலாம் என்று இருக்கிறதாம். வைத்துவிடலாம் என்றார். மயக்கமும் தழும்பும் இல்லாமல் வெறும் 36 மட்டும் வந்திருந்தால் மாத்திரையோடு இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேன் என்றும் சொன்னார். போன வாரம் வைத்தாயிற்று.

எடுக்கப்போகிறவர்கள் கருவி வைப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். எம்ஆர்ஐக்கு ஒத்துவரும் மாடல்தான் என்றாலும், இடப்பக்க நெஞ்சில் இருக்கிற அந்தப் பெட்டி இதயப் படத்தைக் கெடுத்துவிடும். தமிழில் சொல்லச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டிலேயே மூச்சு நிறுத்திப் பழக்கியும் கூட்டிப் போகலாம். தழும்பு எங்கே, எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். எங்களிடம் திருத்திய ரிப்போர்ட்டுக்குத் தனியாக 500 ரூபாய் கேட்டார்கள். கொடுக்கவில்லை.