ஓசிடிக்கு குழு சிகிச்சை: சில வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்

ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். அதற்குக் குழு சிகிச்சை போகலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நாலு பேரிடம் மனம்விட்டுப் பேசினால் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பாரத்தை இறக்கிவைக்க விடாமல் செய்வதுதான் அங்கே சிகிச்சையே.

எனக்கு இருந்தது சரிபார்க்கும் வகை. அடுப்பு, பூட்டு, அனுப்பிய மெயில் எல்லாம். கூடவே யாரையாவது காயப்படுத்திவிடுவேனோ என்ற எண்ணம் வேறு. மனநல மருத்துவர் எஸ்எஸ்ஆர்ஐ எனும் வகை மாத்திரை கொடுத்திருந்தார், மனச்சோர்வுக்கும் கொடுப்பதுதான். ஓசிடிக்கு இந்த மாத்திரைகள் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படுவது சகஜம், வேலை செய்கிறதா என்று தெரியவே பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகலாம். அது ஓரளவு கைகொடுத்தது. அதற்கு மேல்தான் குழு.

சேர்க்கும் முன், ஓசிடி எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் மதிப்பெண் போட்டார்கள். பத்துக் கேள்வி, மொத்தம் 40. எனக்குப் பிடித்தது, அந்தப் பத்துக் கேள்வியில் எண்ணம் என்ன என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. எவ்வளவு நேரம் தின்கிறது, வேலையை எவ்வளவு கெடுக்கிறது, எவ்வளவு வேதனை, எவ்வளவு எதிர்க்க முடிகிறது, அவ்வளவுதான். கை கழுவுகிறவரும் மனசுக்குள்ளேயே பிரார்த்தனையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவரும் ஒரே குழுவில் உட்கார முடிவது இதனால்தான். நான் அப்போது 24-க்கு மேலே, அதாவது கடுமையான பிரிவில் இருந்தேன்.

அங்கே செய்வது ஈஆர்பி (Exposure and Response Prevention) என்ற பயிற்சி. பயப்படுகிற விஷயத்துக்குள் வேண்டுமென்றே போக வேண்டும், போன பிறகு வழக்கமான சடங்கை, அதாவது சரிபார்ப்பது, கழுவுவது போன்றவற்றைச் செய்யக் கூடாது. 1966-இல் விக்டர் மேயர் என்பவர் இரண்டு நோயாளிகளிடம் இப்படிச் செய்ததை எழுதியதிலிருந்து வளர்ந்த முறை. அவரவர் பயங்களை 0 முதல் 100 வரை மதிப்பிட்டுப் பட்டியல் போட்டு, நடுவிலிருந்து தொடங்குவோம். தெரபிஸ்ட் முதலில் தரையைத் தொட்டு அந்தக் கையை முகத்தில் தேய்ப்பார், அப்புறம் நாங்கள். பக்கத்தில் ஒருவர் வியர்த்து விறுவிறுத்துக்கொண்டே செய்யும்போது நாம் மட்டும் நழுவ முடியாது.

இதில் ஒரு ஓட்டை உண்டு, சரிபார்க்கும் ஆட்கள் கவனிக்க வேண்டியது. கூட்டத்தில் இருக்கும்போது பொறுப்பு எல்லோர் தலையிலும் பரவிவிடுவதால் பயமே சரியாக வராது. அங்கே 20 வரும் விஷயம் வீட்டில் தனியாக 80 வரும். அதனால் ஹோம்வொர்க் செய்யாதவருக்கு இந்தச் சிகிச்சையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

என்னைப் பொறுத்தவரை குழுவின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் "நான் அப்படிச் செய்துவிட மாட்டேன்தானே?" என்று கேட்கிறார், சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் "சேச்சே, நீங்களாவது!" என்று சொல்ல வாய் துடிக்கிறது, தெரபிஸ்ட் கையைக் காட்டி நிறுத்துகிறார், யாரும் எதுவும் சொல்லக் கூடாது. அந்த ஆறுதல்தான் அவருக்குப் போதை, கிடைத்ததும் அடங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது "நடக்கலாம், நடக்காமலும் போகலாம்" என்பதுதான். கேட்கவே கசப்பாக இருக்கும்.

போகப் போக தெரபிஸ்ட்டை முந்திக்கொண்டு நாங்களே ஒருவரை ஒருவர் பிடிக்க ஆரம்பித்தோம். அனுபவத்தைப் பகிர்வதுபோல ஒரு கதையைச் சொல்லி, எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறதா என்று பார்ப்பது ஒரு உத்தி. கேள்வியே கேட்காமல் ஆறுதல் வாங்கும் வேலை. தனி சிகிச்சையில் இதை நான் வெகுநாள் செய்திருக்கிறேன், படித்த மனிதருக்குத் தெரியவில்லை. அதே வித்தையைத் தானும் செய்கிறவர் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டார்!

எல்லோருக்கும் இப்படிப்பட்ட எண்ணங்கள் வரும் என்பதையும் அங்கே சொல்லித் தந்தார்கள். ராக்மன், டி சில்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இலேயே காட்டியது, நோயே இல்லாதவர்களுக்கும் இதே மாதிரி விபரீத எண்ணங்கள் வருகின்றன என்று. பெரிய நிம்மதிதான். ஆனால் எங்களில் ஒருவர் இது எழுதியிருந்த தாளை மடித்து வைத்துக்கொண்டு தினமும் எடுத்துப் படிக்க ஆரம்பித்தார், கடைசியில் அதையும் வாங்கி வைக்க வேண்டியதாயிற்று. ஓசிடி எதையும் சடங்காக்கிவிடும்.

பிடிக்காதவையும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் உங்கள் முறைக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அடுத்தவர் பயம் தொற்றிக்கொள்ளுமா என்று கேட்பார்கள், எனக்கு ஒன்று தொற்றியது, சில நாளில் போய்விட்டது. எழுந்திருக்கவே முடியாத அளவு மனச்சோர்வு இருப்பவர் முதலில் அதைக் கவனிப்பது நல்லது. வீட்டாருக்கென்று வைத்த அமர்வுகள் குறைவு, அதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன், ஏனென்றால் நமக்காகப் பூட்டை இழுத்துப் பார்த்துச் சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

இப்போது என் மதிப்பெண் லேசான பிரிவில் நிற்கிறது. தூக்கம் கெட்டால், வேலை நெருக்கினால் ஏறும், மாதாந்திரச் சந்திப்புக்கு இன்னமும் போகிறேன், பட்டியலை மறுபடி எடுக்கிறேன்.

சேரும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: அமர்விலேயே பயிற்சி செய்ய வைப்பீர்களா, வெறும் பேச்சுதானா? பேச்சுதான் என்றால் வேறு குழு பாருங்கள்.