சீட்டு எடுத்த பணத்தை நடத்துபவரிடமே விட்டுவைக்காதீர்கள்

இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. நடத்தியவர் அதே தெருவில் பல வருடமாகக் குடியிருந்தவர். கல்யாணமோ காதுகுத்தோ, முதல் ஆளாக வந்து நின்றவர். பதினாறாம் மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நடுவில் சீட்டு எடுத்துப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் தப்பித்தார்கள். மகள் கல்யாணத்துக்கு ஆகுமே என்று கடைசிவரை பொறுத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். வயிறு எரிகிறது.

மாட்டியவர்கள் கையில் இருந்தது ஒரு மஞ்சள் அட்டை. மாதத்துக்கு ஒரு கட்டம், அதில் 'வ' என்று ஓர் எழுத்து. தொகை, தேதி, வாங்கியவர் கையெழுத்து எதுவும் கிடையாது. 'போன மாசம் யாரு எடுத்தாங்க?' என்று கேட்டபோதெல்லாம், 'உங்களுக்குத் தெரியாதவங்கக்கா, மச்சான் ஆபீஸ்ல வேலை பாக்குறவரு' என்றே பதில் வந்திருக்கிறது. இல்லாத பெயர்களில் நடத்தியவரே சீட்டு எடுத்திருக்கிறார். அந்தப் பெயர்களுக்கு மாதாமாதம் கட்ட அடுத்த சீட்டின் பணம் வேண்டும். புதிதாகச் சேர ஆள் குறைந்ததும் எல்லாம் நின்றுபோனது.

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. சீட்டு எடுத்தவரிடம் நடத்தியவர் சொன்னது இது: 'பணத்தை வாங்கி என்னக்கா பண்ணப் போறீங்க, எங்கிட்டயே இருக்கட்டும், ரெண்டு ரூபா வட்டி தர்றேன்.' நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். சரி என்று தலையாட்டிய நிமிடமே அது சீட்டுப் பணம் அல்ல, பத்திரம் எழுதாமல் கொடுத்த கடன். பழகிய மனிதரிடம் எழுதிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தைத்தான் அவர் நம்பியிருந்தார்.

மாதாமாதம் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு லட்சத்தில் 30,000 தள்ளிப் போனால், அதாவது அவ்வளவு குறைத்துக்கொண்டு ஒருவர் ஏலம் எடுத்தால், எடுத்தவருக்கு 70,000. தள்ளிய 30,000-ல் நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 25,000-ஐ இருபதால் வகுத்தால் ஆளுக்கு 1,250 கழிவு. கட்ட வேண்டியது 3,750. அப்படி இருபது பேர் கட்டினால் 75,000. எடுத்தவர் பணமும் கமிஷனும் சேர்ந்தாலும் அதேதான். ஆனால் கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது, இருபது பேரும் நிஜ ஆட்களா என்று தெரிய வேண்டும். ஏலத்துக்கு நேரில் போங்கள், எடுத்தவரிடம் பேசுங்கள்.

1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி, முன் அனுமதி வாங்கி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, முழுச் சீட்டுத் தொகைக்கும் பிணை காட்டிய பிறகே சீட்டுத் தொடங்கலாம். 2019 திருத்தத்துக்குப் பின் கமிஷன் உச்சவரம்பு 7 சதவீதம். சேரும் முன் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். அதிலுள்ள பதிவு எண்ணைப் பதிவுத் துறை அலுவலகத்தில் காட்டிச் சரிபாருங்கள். 'நமக்குள்ள எதுக்குக்கா பதிவெல்லாம்' என்றால் அந்தச் சீட்டு வேண்டாம்.

ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர்கள் இனி ஜிபேயில் மட்டும் அனுப்புங்கள், குறிப்பில் 'சீட்டு, 12-ஆம் தவணை' என்று எழுதி. வாட்ஸாப் குழு உரையாடலை இன்றே எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்; ஓடுகிறவர் முதலில் குழுவைத்தான் கலைப்பார். சமாதானத்துக்குச் செக் கொடுத்தால் தேதி போட்டு வாங்குங்கள், மூன்று மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். பணமில்லாமல் செக் திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும்.