ஸ்லாக், டீம்ஸ், வாட்ஸ்அப் மூன்றையும் இணைத்துத் தருவதாக வந்தவரிடம் நாங்கள் ஏமாந்தது

சென்ற வாரம் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து ஒருவர் அழைத்தார். இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனி நடத்துகிறவர். “உங்கள் அலுவலகத்தில் ஸ்லாக், டீம்ஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்ததாக ஒருவர் வந்து சொல்கிறார். முதல் வாடிக்கையாளர் என்று உங்கள் பெயரைத்தான் காட்டுகிறார். வேலை திருப்தியாக இருக்கிறதா அம்மா?” என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் அவரிடம் பேசினேன். எங்களை ஏமாற்றியவர் எங்கள் பெயரைச் சொல்லியே அடுத்த ஆளைத் தேடுகிறார் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வழக்கறிஞர் நோட்டீஸ் போயிருப்பதால் ஏமாற்றியவர் பெயரை எழுதவில்லை. அவர் வேலை செய்யும் விதத்தை எழுதுகிறேன். எதிரில் வந்து உட்கார்ந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் அலுவலகம் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 22 பேர். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்காக ஆடைகளைப் படம் எடுத்து, நிறம் திருத்தி, வெளிநாட்டில் வாங்குபவர் கேட்கும் அளவில் கொடுப்பது எங்கள் தொழில். அலுவலகத்துக்குள் ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் பேசுவோம், கட்டணத் திட்டத்தில் இருக்கிறோம். திருப்பூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்தான் எல்லாம். ஐரோப்பாவில் இருக்கும் வாங்குபவர்களின் அலுவலகங்களில் அதே வேலைக்கு மைக்ரோசாஃப்ட் டீம்ஸ். ஒரே சட்டையைப் பற்றி மூன்று இடத்தில் மூன்று பேச்சு நடக்கும். ‘நீலத்தைக் கொஞ்சம் குறையுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியை, அதைப் பார்க்கும் எங்கள் பெண் விடுப்பில் இருந்ததால் இரண்டு நாள் யாரும் பார்க்கவில்லை. 300 படங்களைத் திரும்பச் செய்தோம். ஆகவே எங்கள் தேவை பொய்யான தேவை இல்லை. அந்தத் தேவைதான் அவருக்கு வாசலாக அமைந்தது.

2025 ஜனவரியில் தெரிந்தவர் ஒருவர் மூலமாக வந்தார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. வெளியூரில் நம் மொழியில் ஒருவர் பேசினால் பாதிச் சந்தேகம் தானாகவே போய்விடுகிறது, எனக்கும் போய்விட்டது. மடிக்கணினியைத் திறந்து, ஸ்லாக்கில் ‘வணக்கம்’ என்று தட்டினார். அடுத்த நொடி என் கைப்பேசியில் வாட்ஸ்அப்பில் ‘வணக்கம்’ வந்தது. இரண்டு ஆண்டு உழைத்து நாங்களே உருவாக்கிய மென்பொருள் என்றார். 1,85,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 2,18,300. முழுவதையும் முன்பணமாகக் கொடுத்தோம்.

அந்த ‘வணக்கம்’ போய்ச் சேர்ந்ததைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். செய்தியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்துவது பெரிய காரியமே இல்லை. எந்தச் செய்தி போகக் கூடாது, அதைத் தடுக்கும் கதவு எங்கே, கதவின் சாவி யார் கையில் என்பதெல்லாம்தான் காரியம். அவர் காட்டிய செய்முறையில் இவை எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு 9.40. திருப்பூரிலிருந்து எங்கள் பழைய வாடிக்கையாளர் அழைத்தார். பதினோரு ஆண்டுப் பழக்கம். எப்போதும் ‘ஏனுங்க அம்மணி’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அன்று ‘மேடம்’ என்றார். “மேடம், எங்கள் பாக்கியைப் பற்றி உங்கள் ஆட்கள் பேசுவதை எங்கள் குழுவிலேயே போட வேண்டுமா? என் மகன், மெர்ச்சன்டைசர், பேக்கிங் சூப்பர்வைசர் எல்லோரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்” என்றார்.

நடந்தது இதுதான். எங்கள் கணக்குப் பிரிவுப் பெண் அன்று மாலை ஸ்லாக்கில் ஒரு புதிய சேனல், அதாவது ஒரு விஷயத்தை மட்டும் பேசும் தனிப் பகுதி, திறந்திருந்தாள். வாடிக்கையாளரின் சுருக்கக் குறியீட்டை முன்னால் போட்டு, பின்னால் பாக்கி என்று சேர்த்திருந்தாள். எங்கள் அலுவலகத்தில் எல்லாச் சேனல்களுக்கும் அப்படித்தான் பெயர் வைப்போம். அந்தக் குறியீட்டில் தொடங்கும் எந்தப் பொதுச் சேனல் புதிதாக வந்தாலும் அவருடைய பாட் (தானே இயங்கும் நிரல்) தானாகவே உள்ளே போய்ச் சேர்ந்து, அங்கே எழுதுவதையெல்லாம் அந்த வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் குழுவில் போடும்படி அவர் விதி எழுதி வைத்திருந்தார். அவருக்கு அது வசதி. ஒவ்வொரு சேனலாக வந்து இணைக்க வேண்டியதில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சேனலில் இருந்தவை: ‘மூன்று பில் நிலுவை, பணம் வரும்வரை இவர்கள் படங்களைக் கடைசியில் வையுங்கள்.’ அதற்குக் கீழே இன்னொரு ஏற்றுமதியாளருக்கு நாங்கள் படத்துக்கு 38 ரூபாய் வாங்குகிறோம் என்ற கணக்கு. இவரிடம் வாங்குவது 52. இவருக்கு வேலை கடினம், ஒவ்வொரு படத்திலும் துணியின் நெசவு தெரியும்படி திருத்த வேண்டும். அதை இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது?

ஓடிப்போய் ஸ்லாக்கில் அழித்தோம். வாட்ஸ்அப்பில் அப்படியே நின்றது. புதுச் செய்தியை மட்டுமே அந்த இணைப்பு கடத்தும். அழித்ததையும் திருத்தியதையும் கடத்தாது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை எல்லோருக்கும் நீக்க வேண்டுமானால் அனுப்பிய எண்ணிலிருந்தோ குழு அட்மினோ நீக்க வேண்டும். அனுப்பிய எண் அவருடைய சிம். அந்தக் குழுவைத் தொடங்கியதும் அதே எண். அட்மினும் அது ஒன்றே. பதினேழு முறை அழைத்தோம். எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் ‘ஊரில் இருந்தேன், சிக்னல் இல்லை’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதற்குள் நாற்பது பேர் படித்து முடித்திருந்தார்கள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தோண்டினோம்.

தாமே உருவாக்கியதாகச் சொன்னது மேட்டர்பிரிட்ஜ். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள். ஸ்லாக், டிஸ்கார்ட், மேட்ரிக்ஸ், டெலிகிராம் என்று பலவற்றை இணைக்கும். அவர் தவறுதலாக எங்களுக்கு அனுப்பிய ஒரு பிழைப் பதிவில் அந்தப் பெயர் இருந்ததை எங்கள் இளம் பொறியாளர் கண்டுபிடித்தார். இலவச மென்பொருளை நிறுவிக் கொடுத்துக் கூலி வாங்குவது குற்றம் இல்லை. அதைச் சொல்லி வாங்கியிருந்தால் நானும் கொடுத்திருப்பேன். தன் உழைப்பு என்று சொல்லி வாங்கியதுதான் ஏமாற்று. வாட்ஸ்அப் பக்கத்தில் அதிகாரபூர்வ வணிக இணைப்பு எதுவும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப் வெப்பில் நாம் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து நுழைவோமே, அதே வழியில் தம் எண்ணை நுழைத்து வைத்திருந்தார். அந்த எண்ணை வாட்ஸ்அப் என்றைக்காவது முடக்கினால் எங்கள் எல்லாக் குழுக்களும் ஒரே நாளில் ஊமையாகியிருக்கும்.

டீம்ஸ் பக்கம் இன்னும் மோசம். ‘ஆபீஸ் 365 கனெக்டர்’ என்ற பழைய வழியில் செய்திருந்தார். அதை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. அவர் எங்களிடம் பணம் வாங்கியது 2025 பிப்ரவரியில். தவிர, அந்த வழி உள்ளே செய்தி போட மட்டுமே உதவும். அங்கிருந்து பதில் திரும்பி வராது. இரண்டு பக்கமும் பேசும் என்று எழுதிக் கொடுத்திருந்தாரே என்று கேட்டதற்கு, வாங்குபவரின் அலுவலகத்தார் தம் செயலிக்கு அனுமதி தர வேண்டும் என்றார். அவர்களுடைய தகவல் தொழில்நுட்பப் பிரிவு மறுத்தது. மறுத்து எழுதிய மின்னஞ்சலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மிகவும் பணிவாக நான்கு கேள்விகள் கேட்டிருந்தார்கள். செய்திகள் எந்த நாட்டு சர்வரில் தங்குகின்றன? எத்தனை நாள் தங்குகின்றன? அனுமதி டோக்கனை, அதாவது உள்ளே நுழையும் மின்னணுச் சாவியை, யார் வைத்திருக்கிறார்கள்? உங்கள் ஒப்பந்தக்காரர் இல்லாமல் நீங்களே இணைப்பைத் துண்டிக்க முடியுமா? நான்கில் ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விகளை ஜனவரியில் நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் என்னைத் தூங்க விடாதது ஸ்லாக் அனுமதி. நான் பணியிடத்தின் உரிமையாளர் கணக்கில் நுழைந்து, அவர் அனுப்பிய சுட்டியைத் திறந்து, ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்தினேன். அந்தப் பக்கத்தில் என்னென்ன கேட்கிறது என்று வரி வரியாக எழுதியிருந்தது. சேனல்களைப் படிக்கலாம், சேர்ந்துகொள்ளலாம் என்பவற்றோடு, என் பெயரில் என் தனிச்செய்திகளையும் படிக்கலாம் என்று ஒரு வரி. படிக்காமல் அழுத்தினேன். பாட்டுக்குத் தரும் டோக்கன் வேறு, ஓர் ஆளின் பெயரில் தரும் டோக்கன் வேறு. அவர் இரண்டையும் வாங்கியிருந்தார். இணைப்புக்கு இரண்டாவது தேவையே இல்லை. என் தனிச்செய்திகளில் சம்பளப் பேச்சு இருந்தது. ஒரு பெண்ணின் பிரசவ விடுப்பு இருந்தது. குழந்தை ஆடைகளுக்கு மாடலாக வந்த சிறுவர்களின் பெற்றோர் தொலைபேசி எண்கள் இருந்தன. அவை அவருடைய சர்வரில் போய்ச் சேர்ந்தனவா என்று கேட்டேன். ‘லாக் (செய்திப் பதிவு) எல்லாம் சேமிப்பில் இருக்கும்’ என்று சாதாரணமாகச் சொன்னார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கையாளும் வேலையை வேறொருவரிடம் கொடுத்தாலும் பொறுப்பு நம்மிடம்தான் என்று எழுதியிருக்கிறது; அந்தப் பிரிவு அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அந்தப் பெற்றோர் ஒவ்வொருவரையும் நானே அழைத்துச் சொன்னேன். சட்டம் சொல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

ஒப்படைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டபோது ‘ஹேண்டோவர் கட்டணம்’ 40,000 கேட்டார். தரவில்லை. அவர் கொடுத்த இன்வாய்ஸில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் அப்போதுதான் போட்டுப் பார்த்தேன். 29இல் தொடங்கியதால் கர்நாடக எண் என்பது சரி. ஆனால் பதிவு ரத்து செய்யப்பட்டிருந்தது, அதுவும் எங்களுக்கு பில் போடுவதற்கு முன்பே. 33,300 ரூபாய் வரி என்று வாங்கியது அரசுக்குப் போகவே இல்லை, எங்களுக்கு உள்ளீட்டு வரி வரவும் கிடைக்கவில்லை. பதினைந்து எழுத்து எண்ணைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும், யாரும் பார்க்கலாம், கட்டணமும் இல்லை.

காவல் நிலையத்தில் இது ஒப்பந்தத் தகராறு என்றார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்குள் வருவது கடினம் என்று வழக்கறிஞர் விளக்கினார். நோட்டீஸ் அனுப்பினோம். பதில் இல்லை.

இன்று நாங்கள் செய்வதைக் கேட்டால் இதற்காகவா இவ்வளவு பணம் கொடுத்தோம் என்று தோன்றும். ஐரோப்பிய வாங்குபவரின் டீம்ஸில் எங்கள் ஆட்கள் இருவரை அவர்களே விருந்தினராகச் சேர்த்துக்கொண்டார்கள். மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், அனுமதியும் துண்டிப்பும் அவர்கள் கையில். ஸ்லாக் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளரோடு ஸ்லாக் கனெக்ட் வழியாக ஒரு சேனலைப் பகிர்ந்துகொள்கிறோம். 2020 முதல் ஸ்லாக் நிறுவனமே தரும் வசதி. திருப்பூர் வாட்ஸ்அப்புக்கு அலுவலகக் கைப்பேசி ஒன்று, காலையிலும் மாலையிலும் ஒரு பெண் பார்த்து, வேண்டியதை மட்டும் ஸ்லாக்கில் எழுதுகிறாள். மனிதக் கை நடுவில் இருக்கிறது. எது வெளியே போகலாம் என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் எந்தக் கம்பெனியிலிருந்தும் எந்தக் கம்பெனிக்கும் போவதைப் போல அலுவலக அரட்டையும் போகும் என்று நாம் இயல்பாக எதிர்பார்க்கிறோம். மின்னஞ்சலுக்கு 1980களிலிருந்தே எல்லோருக்கும் பொதுவான விதி இருக்கிறது. அரட்டையில் இந்தப் பெரிய நிறுவனங்கள் அப்படி ஒரு பொது விதிக்குள் வரவில்லை. ஸ்லாக்கில் வெளி மென்பொருள்கள் நுழைய ஐஆர்சி, எக்ஸ்எம்பிபி என்ற பழைய பொது அரட்டை முறைகளின் வாசல்கள் இருந்தன. 2018 மே மாதம் அவற்றையும் மூடிவிட்டார்கள். ஆகவே நடுவில் நிற்கும் எந்த இணைப்பும் இரண்டு பக்கச் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு, எல்லாச் செய்தியையும் ஒருமுறை தான் வாங்கிப் பார்த்துத்தான் கொடுக்கும். நேர்மையான ஆள் செய்தாலும் அப்படித்தான். நம்பிக்கையான நிறுவனங்கள் இதைச் செய்யாமல் இல்லை. ஆனால் நடுவில் நிற்பது யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சாவியைத் தரக் கூடாது.

இவரிடம் ஏற்கெனவே வேலை கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே ஸ்லாக்கில் நிறுவப்பட்ட செயலிகளின் பக்கத்தைத் திறந்து, அவர் நிறுவிய செயலிக்கு என்னென்ன அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். யாருடைய தனிச்செய்தியையும் படிக்கும் அனுமதி இருந்தால் உடனே நீக்குங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் அவருடைய எண் மட்டும் அட்மினாக இருந்தால், இணைப்பைத் துண்டிப்பதற்கு முன்பு, சண்டை எதுவும் தொடங்குவதற்கு முன்பு, உங்கள் எண்ணையும் வாடிக்கையாளர் எண்ணையும் அட்மினாக்கச் சொல்லுங்கள். அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டிருக்கும் நாளில் அதைச் செய்துவிடுங்கள்.