ரிமோட் ஃபேன்: ஒரு சிடுமூஞ்சியின் அனுபவம்

எங்கள் தெருவில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். குப்பை வண்டி வராவிட்டாலும் சரி, எவனோ ஒருவன் பைக்கை என் வாசலில் நிறுத்திவிட்டுப் போனாலும் சரி, முதல் சத்தம் என் வீட்டிலிருந்துதான் வரும். இது தெரிந்தும் மச்சினன் போன் போட்டு, “மாமா, அந்த பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டி ரொம்ப நாளாச்சே, எப்படி இருக்கு? இப்ப ஆஃபர்ல வருது” என்று கேட்டான். (பி.எல்.டி.சி. என்றால் பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார். கரண்ட் குறைவாக இழுக்கும். என் வீட்டில் இருப்பது ரிமோட்டில் ஓடுகிற வகை.) ஹால் ஃபேனுக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் போர்டை மாற்றக் காசு கொடுத்த எரிச்சல் அடங்காத நேரம். அவன் தலைவிதி.

முதலில் நியாயமாக நாலு வார்த்தை. பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். இது 30 வாட்டுக்குள் முடித்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்குச் சுமார் 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் என்றால் கிட்டத்தட்ட 97. நம் ஊர் கணக்கில் இது சின்ன விஷயமில்லை. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டியதற்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 100-க்கு மேல் 200 வரை உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறுகிறது. கோடையில் அந்த 500-க்குப் பக்கத்திலேயே நிற்கிற வீடு எங்களுடையது. இந்த ஃபேன்கள் வந்தபின் அந்தப் பயம் குறைந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருச்சியில் கத்திரி வெயில் நாட்களில் இருட்டிய பிறகு தெருவே ஏசி போடும், வோல்டேஜ் படுத்துவிடும். பழைய ஃபேன் அப்போது முனகிக்கொண்டு ஏதோ கடமைக்குச் சுற்றும். இது வோல்டேஜைப் பற்றிக் கவலையே படாமல் அதே வேகத்தில் ஓடுகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் முன்பைவிடக் கூடுதல் நேரம் தாங்குகிறது, அந்த ‘கிர்ர்’ சத்தமும் இல்லை. (சத்தம் இல்லாததில் ஒரு நஷ்டம் உண்டு. பக்கத்து வீட்டு சீரியல் வசனம் இப்போது எனக்கு மனப்பாடம்.)

சரி, நியாயம் முடிந்தது.

சுவரில் ஒரு ரெகுலேட்டர் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் கிடைக்கும், ஒரு திருகு திருகினால் வேலை முடிந்தது. அது பேட்டரி கேட்டதில்லை, சோபா இடுக்கில் விழுந்ததில்லை, பேரன் அதை எடுத்துக்கொண்டு போய் ‘போலீஸ் வயர்லெஸ்’ என்று விளையாடியதில்லை. இந்த ஃபேன் மாட்ட வந்தவர் முதல் வேலையாக அதைக் கழற்றினார். பழைய ரெகுலேட்டர் வோல்டேஜைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்கும், இந்த ஃபேனுக்குள் இருக்கிற போர்டுக்கு அது ஆகாதாம். காரணம் சரிதான். ஆனால் சுவிட்ச் போர்டில் அந்த இடத்தை ஒரு வெள்ளை மூடி போட்டு அடைத்துவிட்டுப் போனார். அந்த மூடியைச் சுற்றி மட்டும் சுவர் அழுக்காக இருக்கிறது. வீட்டில் எல்லோருடைய கையும் இன்னும் அங்கேதான் போகிறது.

விடிகாலை மூன்று மணிக்குக் குளிர் எடுக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டும். ரிமோட் தலையணைக்குக் கீழே இருக்கலாம், கட்டிலுக்கு அடியில் இருக்கலாம், மனைவியின் முதுகுக்குக் கீழேயும் இருக்கலாம். தேட லைட் போட வேண்டும். லைட் போட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். “என்னங்க, பேசாம போர்த்திக்கிட்டுப் படுங்களேன்” என்பது இந்த வீட்டின் தீர்வு. காசு கொடுத்து ஃபேன் வாங்கிவிட்டு போர்வையால் வேகத்தைச் சமாளிக்கிறோம்.

ஹாலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இரண்டு ஃபேன், இரண்டும் ஒரே மாடல். எந்த ரிமோட்டை அமுக்கினாலும் இரண்டும் கேட்கும். அம்மா உட்காரும் பக்கம் வேகத்தை ஒன்றில் வைக்க வேண்டும், மற்ற பக்கம் நாலில். அதற்கு ஒரு ஃபேனைச் சுவிட்சில் நிறுத்திவிட்டு, இன்னொன்றுக்கு வேகம் வைத்து, பிறகு நிறுத்தியதைப் போட வேண்டும். கடைசியாக வைத்த வேகத்தை அது ஞாபகம் வைத்திருக்கும், அந்த மட்டில் புத்திசாலி. யாராவது தெரியாமல் ரிமோட்டை ஒரு அமுக்கு அமுக்கினால் எல்லாம் முதலிலிருந்து. எழுபத்தெட்டு வயது அம்மாவுக்கு இதை விளக்கிப் பாருங்கள். அவர் இப்போது ஃபேனே வேண்டாம் என்று பழைய பனை விசிறியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று தள்ளுகிறது என்று பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். வேகத்தைக் குறைக்க நடுராத்திரியில் எத்தனை பேர் எழுந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நட்சத்திரம் பிடுங்கினால் நன்றாக இருக்கும்.

அப்புறம் இந்த ரிப்பேர். பழைய ஃபேன் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். எங்கள் எலக்ட்ரீஷியன் சட்டைப் பையிலேயே ஒன்று வைத்திருப்பார், டீ ஆறுவதற்குள் மாற்றிவிடுவார். இந்த முறை ஏணியில் ஏறிக் கிண்ணத்தை இறக்கிப் பார்த்தவர், “சார், போர்டு போயிடுச்சு. இதுல நான் கை வைக்க முடியாது, கம்பெனிக்குத்தான் சொல்லணும்” என்று இறங்கிவிட்டார். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு. ஆள் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வாரண்டி முடிந்துவிட்டதாம். போர்டின் விலையைக் கேட்டபோது, இன்னும் கொஞ்சம் போட்டால் ஒரு சாதாரண ஃபேனே வாங்கிவிடலாமே என்று தோன்றியது. பில்லில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அப்படியே அங்கே போனது. மீதி மிச்சம்தான் என்று மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். கணக்கு சரி. ஒரு வாரம் வியர்த்ததை அவள் எந்த வரியிலும் சேர்க்கவில்லை.

மச்சினனிடம் “வாங்காதடா” என்றுதான் சொன்னேன். 75 வாட்டை 30 ஆக்கியதற்கும், லோ வோல்டேஜில் கைவிடாததற்கும் இந்த ஃபேன் பாராட்டுக்குரியதுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் வாங்காதே. அவன் கேட்க மாட்டான், ஆஃபர் முடிவதற்குள் ஆர்டர் போட்டுவிடுவான். அப்படிப் போடுகிறவர்களுக்கு: சுவரில் மாட்ட அதற்கென்றே செய்த ரெகுலேட்டரோடு வருகிற பி.எல்.டி.சி. மாடல்களும் கடையில் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். ஒரே அறையில் இரண்டு மாட்டுவதாக இருந்தால் இரண்டையும் வேறு வேறு கம்பெனியில் எடுங்கள். ரிமோட்டை ஒரு நூலில் கட்டிக் கட்டிலோடு சேர்த்து முடிந்து வையுங்கள், நூல் நீளமாக இருக்கட்டும்.