கவுண்டரில் 10 மெகாஹெர்ட்ஸ் அச்சு அசலாகத் தெரிகிறதா? அப்போதுதான் உஷாராக வேண்டும்

பழைய டெலிகாம் போர்டில் இருந்து கழற்றிய 10 மெகாஹெர்ட்ஸ் ஓசிஎக்ஸ்ஓ (ஹீட்டரால் ஒரே சூட்டில் வைக்கப்படும் கிரிஸ்டல் ஆசிலேட்டர்) ஒன்று, ‘நியோ-எம்8டி டைமிங்’ (துல்லிய நேரத்துக்கென்றே யூ-ப்ளாக்ஸ் நிறுவனம் செய்யும் வகை) என்று சொல்லி விற்ற ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்று. இரண்டும் ஆன்லைனில் ஒரே விற்பனையாளரிடம் வாங்கியவை. மாட்யூலில் ஒட்டியிருந்தது போலி லேபிள். ஓசிஎக்ஸ்ஓவோ எந்தக் கன்ட்ரோல் வோல்டேஜ் (ஃப்ரீக்வன்சியை லேசாக நகர்த்தும் வோல்டேஜ்) கொடுத்தாலும் 10 மெகாஹெர்ட்ஸைத் தொடவே இல்லை. ஆனால் விளம்பரத்தில் ‘டெஸ்டட்’ என்று போட்டோவும் வீடியோவும் இருந்தன. அதே போட்டோவை நம்பி அடுத்தவர் வாங்காமல் இருக்கவும், வாங்கிவிட்டவர் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் கண்டுபிடிக்கவும்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் போட்டோ. ஃப்ரீக்வன்சி கவுண்டரின் திரையில் 10 மெகாஹெர்ட்ஸ், புள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் பூஜ்யம். பார்த்தவுடன் கை ‘வாங்கு’ பட்டனுக்குப் போகும். போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்: திரையின் ஓரத்தில் ‘எக்ஸ்ட் ரெஃப்’ என்ற சின்ன எழுத்து எரிகிறது. கவுண்டர் தன் சொந்த கிரிஸ்டலை விட்டுவிட்டு, பின்பக்க சாக்கெட்டில் வரும் சிக்னலை அளவுகோலாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த சாக்கெட்டுக்கு எது போகிறது என்று போட்டோவில் தெரியாது. ஒரே ஓசிஎக்ஸ்ஓவின் வெளியீட்டை டி-கனெக்டரால் பிரித்து, ஒன்றைப் பின்பக்கமும் இன்னொன்றை முன்பக்கச் சானலிலும் கொடுத்தால் எந்தக் கவுண்டரும் பூஜ்யங்களாகத்தான் காட்டும். எடைக்கல்லைத் தராசின் இரண்டு தட்டிலும் வைத்த கதை. உண்மையிலேயே வேறொரு ரெஃபரன்ஸை வைத்து அளந்திருந்தால் கடைசி இலக்கங்கள் கொஞ்சமாவது ஆடும். ஆடாத போட்டோவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வீடியோ இன்னும் கெட்டிக்காரத்தனம். ஆசிலோஸ்கோப்பை ஜிபிஎஸ்ஸின் பிபிஎஸ் துடிப்பில் (விநாடிக்கு ஒன்று வரும் துடிப்பு) ட்ரிக்கர் செய்து, இன்னொரு சானலில் 10 மெகாஹெர்ட்ஸ் அலை. ட்ரிம்மரைத் திருகத் திருக அலை நகர்ந்து, கடைசியில் நிற்கிறது. ‘ஜிபிஎஸ்ஸுக்கு லாக்’ என்று தலைப்பு. இதில் உள்ள ஓட்டை என்னவென்றால், ட்ரிக்கர் விநாடிக்கு ஒரு முறைதான் வருகிறது. அலை சரியாக 1 ஹெர்ட்ஸ் பிசகியிருந்தால், அடுத்த விநாடிக்குள் முழுதாக ஒரு சுற்று நகர்ந்து மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கும். 2, 3, 4 ஹெர்ட்ஸ் பிசகினாலும் அப்படியே. வந்த பீஸில் இதைச் செய்து பார்த்தபோது 4.74 வோல்ட்டில் அலை நின்றது, 3.86-இல் நின்றது, 2.98-இலும் நின்றது. மூன்று இடத்திலும் அது 10 மெகாஹெர்ட்ஸ் இல்லை. முறையே 2, 3, 4 ஹெர்ட்ஸ் குறைவு. இந்த வித்தையை உடைக்க மாட்யூலின் டைம்பல்ஸை (பிபிஎஸ் வெளிவரும் அதே வெளியீடு) 1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும். நின்ற அலை ஓடத் தொடங்கிவிடும். யூ-ப்ளாக்ஸின் யூ-சென்டர் மென்பொருளில் டிபி5 பக்கத்தில் இந்த அமைப்பு இருக்கிறது.

இனி, பார்சல் வந்ததும் செய்ய வேண்டியவை. பெட்டியைப் பிரிப்பதை வெட்டாத வீடியோவாக எடுங்கள். பின்னால் வாதாட அதுதான் கை கொடுக்கும்.

மாட்யூலை யூஎஸ்பி சீரியல் வழியாக யூ-சென்டரில் இணைத்து ‘மான்-வெர்’ (பதிப்பு விவரம்) செய்தியைக் கேளுங்கள். உண்மையான எம்8டி, ஃபர்ம்வேர் வரியில் ‘டிம்’ என்று தொடங்கி 1.10 போன்ற எண்ணைக் காட்டும். வந்தது ‘எஸ்பிஜி 3.01’ என்றது. அது சாதாரண இடங்காட்டி ஃபர்ம்வேர். அடுத்து ‘டிமோட்2’ பக்கத்தில் சர்வே-இன் (தன் இடத்தைச் சராசரி எடுத்துப் பூட்டும்) முறையைத் தேர்ந்து, குறைந்தபட்ச நேரம் 3600 விநாடி என்று அனுப்புங்கள். டைமிங் மாட்யூல் ஏற்றுக்கொண்டு கணக்கைத் தொடங்கும்; சாதாரண மாட்யூல் ‘நாக்’ என்று மறுத்துவிடும். லேபிளை மாற்றலாம், இந்த மறுப்பை மாற்ற முடியாது. அதன் பிறகு நகத்தால் லேபிளின் மூலையைச் சுரண்டியபோது மேல் தாள் எழும்பியது, அடியில் இன்னொரு லேபிள். யூ-ப்ளாக்ஸுக்கே உரிய யூபிஎக்ஸ் செய்திகளுக்குப் பதிலே வராமல், பவர் கொடுத்தவுடன் வரும் எழுத்து வரிகளில் ‘ஏடி6558’ என்று தெரிந்தால் அது யூ-ப்ளாக்ஸ் சிப்பே இல்லை.

சாதாரண மாட்யூலும் பிபிஎஸ் கொடுக்கத்தானே செய்கிறது, அதில் என்ன நஷ்டம்? டைமிங் மாட்யூல் தன் இடத்தை ஒரு முறை சராசரி எடுத்துப் பூட்டிவிட்டு, அதன் பிறகு நேரத்தை மட்டும் கணக்கிடும். மற்றது ஒவ்வொரு விநாடியும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால், இடத்தில் வரும் ஆட்டம் நேரத்திலும் ஏறும். பால்கனியில் பாதி வானம் மட்டும் தெரியும் ஆன்டெனாவுக்கு இது பெரிய வித்தியாசம். விலையிலும் அப்படியே. அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு பிடுங்குகிறார்கள்.

ஓசிஎக்ஸ்ஓவுக்கு முதல் சோதனை ஜிபிஎஸ் இல்லை, ஆம்மீட்டர். உள்ளே ஹீட்டர் இருப்பதால் 12 வோல்ட் பெரிய டப்பா ஓர் ஆம்பியர் அளவில் இழுத்துத் தொடங்கி, ஐந்து பத்து நிமிடத்தில் கால் ஆம்பியர் பக்கம் இறங்கி நிற்க வேண்டும். தொடக்கம் முதலே 20, 30 மில்லிஆம்பியர் என்று அசையாமல் இருந்தால் டப்பாவுக்குள் ஹீட்டரே இல்லை, அல்லது செத்துவிட்டது. இறங்காமல் உச்சத்திலேயே நின்றால் வெப்பநிலைக் கட்டுப்பாடு போய்விட்டது. இந்த பீஸ் இதில் பாஸ். அதனால்தான் பலர் இங்கேயே திருப்தியாகி நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்தது கன்ட்ரோல் பின்னின் வீச்சு. டப்பாவிலேயே ரெஃபரன்ஸ் வோல்டேஜ் பின் இருந்தால் அதிலிருந்து 10 கிலோஓம் பத்துச் சுற்று ட்ரிம்பாட் வழியாகக் கொடுங்கள். 7805 ரெகுலேட்டரை நம்பாதீர்கள். இந்த பீஸில் ஒரு வோல்ட்டுக்கு 1.14 ஹெர்ட்ஸ் நகர்ந்தது. அதாவது 1 மில்லிவோல்ட் ஆட்டம் 1.1×10⁻¹⁰ பிசகு. ரெகுலேட்டரின் வெப்ப நகர்வே கிரிஸ்டலின் நகர்வு போலத் தெரிந்துவிடும். 0, 2.5, 5 வோல்ட் மூன்றிலும் ஃப்ரீக்வன்சியை எழுதுங்கள். சரியான பீஸில் 10 மெகாஹெர்ட்ஸ் நடுவாக்கில் எங்காவது இருக்கும். இங்கே 0 வோல்ட்டில் 7.4 ஹெர்ட்ஸ் குறைவு, 5 வோல்ட்டிலும் 1.7 ஹெர்ட்ஸ் குறைவு. கிரிஸ்டல் பல வருடம் ஓடி, வீச்சைத் தாண்டிக் கீழே போய்விட்டது. டெலிகாம்காரர்கள் கழற்றி எறிந்ததற்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

இதை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஓசிஎக்ஸ்ஓ வெளியீடு சைன் அலையாக இருந்தால் 74ஹெச்சி04 ஒரு கேட்டில் சதுர அலையாக்கி, பிக்12எஃப்675 சிப்பில் பிக்டிவ் ஃபர்ம்வேர் ஏற்றி ஒரு கோடியால் வகுத்து விநாடிக்கு ஒரு துடிப்பாக்குங்கள். அதற்கும் ஜிபிஎஸ் பிபிஎஸ்ஸுக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு விநாடியும் பதிவு செய்ய வேண்டும். இப்படி வகுத்துவிட்டால் மேலே சொன்ன ‘நின்ற அலை’ மயக்கம் வராது. 1.7 ஹெர்ட்ஸ் பிசகு என்றால் இடைவெளி விநாடிக்கு 170 நானோசெகண்ட் நகரும், 1000 விநாடியில் 170 மைக்ரோசெகண்ட். ஆர்டுயினோவின் 16 மெகாஹெர்ட்ஸ் இன்புட் கேப்சர் 62.5 நானோசெகண்ட் படியில் அளப்பதே இதற்குத் தாராளம். கவுண்டரில் அளப்பவர்கள் டிசி கப்ளிங், 1 மெகாஓம், ட்ரிக்கர் 1.5 வோல்ட் என்று கையால் வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு துடிப்பில் ஆட்டோ ட்ரிக்கர் தடுமாறும். 50 ஓம் போட்டால் பிபிஎஸ் வோல்டேஜ் படுத்துவிடும்.

ஒரு விஷயத்தில் விற்பனையாளர் மேல் வீண்பழி போடக் கூடாது. பிபிஎஸ் துடிப்பு மாட்யூலின் உள் கடிகாரப் படியில்தான் வரும். 48 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 21 நானோசெகண்ட் படி. அதனால் ரம்பப் பல் போல ஆடும், சில நேரம் சில நிமிடங்கள் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டும் நிற்கும். ஆட்டம் 10 நானோசெகண்ட் என்று வைத்தால், 1 விநாடியில் ஆலன் டீவியேஷன் (ஃப்ரீக்வன்சி எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு) 1.7×10⁻⁸ என்று வரும். நல்ல ஓசிஎக்ஸ்ஓ அதைவிட ஆயிரம் மடங்கு அமைதியானது. அளக்கும் நேரம் நீள நீள ஜிபிஎஸ்ஸின் இந்த எண் அதே விகிதத்தில் குறையும்; 10⁻¹¹ மட்டத்தைப் பார்க்க 1700 விநாடி தாண்ட வேண்டும். ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குக் கீழே வரைபடத்தில் தெரிவது ஜிபிஎஸ், கிரிஸ்டல் இல்லை. ஆகவே ‘ஜிபிஎஸ்ஸை வைத்து 1 விநாடியில் 10⁻¹² அளந்தோம்’ என்று எந்த விளம்பரத்தில் எழுதியிருந்தாலும் அது பொய்.

வீட்டுக் கோளாறுகளும் உண்டு. சீலிங் ஃபேன் காற்று, ஏசி கம்ப்ரஸர் ஓடி நிற்பது இரண்டும் கோட்டில் அலையாகத் தெரியும். தெர்மாகோல் பெட்டி போட்டு மூடுங்கள். கரண்ட் போனால் ஓசிஎக்ஸ்ஓ குளிர்ந்து, திரும்ப வரும்போது பழைய இடத்துக்கு உடனே வராது. 12 வோல்ட் பேட்டரி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஒரே மாதிரி மேடு தினமும் நான்கு நிமிடம் முன்னால் வந்தால் அது சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல்; ஜிபிஎஸ் வானம் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்ப வருகிறது. தென் தமிழ்நாடு காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், சூரியன் மறைந்த பிறகு நள்ளிரவு வரை அயனமண்டலக் குழப்பம் நமக்கு அதிகம், மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இன்னும் அதிகம். அந்த நேரத்து ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். விடியற்காலைப் பதிவே நம்பகமானது.

விற்பனையாளரிடம் புகார் சொன்னதும் வந்த பதில்: “சார், ரொம்ப நாள் ஆஃப்ல இருந்த பீஸ். முப்பது நாள் ஓட விடுங்க, தானா செட்டில் ஆயிடும்.” இதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. அணைத்து வைத்த கிரிஸ்டல் சில நாட்கள் நகரத்தான் செய்யும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் ஓடியதில் இது ஏறியது 0.02 ஹெர்ட்ஸ். 1.7 ஹெர்ட்ஸை எட்ட, அதே வேகம் குறையாமல் போனாலும் 255 நாள். வேகமோ நாளுக்கு நாள் குறையும். முப்பது நாள் கேட்பது கிரிஸ்டலுக்காக இல்லை; ரிட்டர்ன் காலம் பத்து நாள்.

இதே கூட்டத்தில் இன்னொரு சரக்கும் சுற்றுகிறது: கைக்கடக்கமான ‘ஜிபிஎஸ்டிஓ’ (ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆசிலேட்டர்). சிலவற்றில் ஓசிஎக்ஸ்ஓ கிடையாது. நியோ-7எம் மாட்யூலின் டைம்பல்ஸையே 10 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்து வெளியே விட்டிருக்கிறார்கள். மாட்யூலின் 48 மெகாஹெர்ட்ஸை 10 மீதியின்றி வகுக்காததால் அலை 83, 104 நானோசெகண்ட் என்று மாறி மாறி வரும். கவுண்டரில் சராசரி பிரமாதமாக இருக்கும், ஸ்கோப்பில் அலையின் விளிம்பு கலங்கித் தெரியும். ரேடியோவுக்கு இது உதவாது.

பணம் திரும்பக் கேட்கும்போது ஆலன் டீவியேஷன் வரைபடம் அனுப்பாதீர்கள், கஸ்டமர் கேரில் யாரும் படிக்கப் போவதில்லை. எழும்பிய லேபிளின் போட்டோ, மான்-வெர் திரை, ‘5 வோல்ட்டிலும் 10 மெகாஹெர்ட்ஸ் வரவில்லை, விளம்பரத்தில் வரும் என்று இருக்கிறது’ என்ற ஒரு வரி. விளம்பரப் பக்கத்தையும் உடனே சேமித்துவிடுங்கள், மாற்றிவிடுவார்கள். 2020-ஆம் வருட இ-காமர்ஸ் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

மாட்யூலுக்கான பணம் வந்துவிட்டது. ஓசிஎக்ஸ்ஓவுக்கு வரவில்லை, பத்தாம் நாள் தாண்டிப் புகார் போனதால் தளம் கைவிரித்துவிட்டது, 1915-இல் பதிவு நிலுவையில் இருக்கிறது. அதுவரை அந்த டப்பா சும்மா கிடக்கவில்லை. பிசகு 1.7×10⁻⁷ என்று தெரிந்துவிட்டதால் எஸ்டிஆர் ரேடியோ மென்பொருளில் 0.17 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.17 பங்கு) திருத்தம் போட்டு ஓடுகிறது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பயன்படுத்தும் க்யூஓ-100 சாட்டிலைட்டின் 10489 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 1.8 கிலோஹெர்ட்ஸ்.