நூறு வருஷம் தாங்கும் என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கினார்கள், ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை

பழைய போட்டோ, கேசட், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் “ஆர்கைவல் டிஸ்க்கில் (பல வருஷம் கெடாமல் இருக்குமாம்) ஏற்றித் தருகிறோம்” என்று போர்டு வைத்திருக்கும் கடைக்குப் போகப்போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 18,500 ரூபாய். பணத்தைவிடப் பெரியதும் போய்விட்டது.

திருச்சியில் உள்ள கடை. ஸ்டூடியோவும் கம்ப்யூட்டர் சர்வீஸும் சேர்ந்தது. நான் கொடுத்தவை அக்கா கல்யாண விஎச்எஸ் கேசட்டுகள், அப்பாவின் நெகட்டிவ் உறைகள், 2006 முதல் 2015 வரை எடுத்த படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்.

கடைக்காரர் இரண்டு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இது சாதாரண டிவிடி மேடம். அடிப்பக்கம் ஊதாவா தெரியுது பாருங்க, அது சாயம். சூடும் ஈரமும் பட்டா கெட்டுப்போயிடும். இன்னொண்ணு எம்-டிஸ்க். இதுல சாயமே கிடையாது, லேசரால குழி வெட்டி எழுதுறது. தஞ்சாவூர் கோயில் கல்வெட்டு மாதிரி, நூறு வருஷத்துக்கு அசையாது” என்றார். வயிறு எரிவது எதனால் தெரியுமா? அவர் சொன்ன விளக்கம் சரியானதுதான். சாதாரண டிவிடி எழுதுவது சாயப் படலத்தில், எம்-டிஸ்க் எழுதுவது கனிமப் படலத்தில். விஷயம் தெரிந்த மனுஷன். தெரிந்தேதான் ஏமாற்றியிருக்கிறார்.

அங்கே வேலை செய்யும் தம்பி என் கண்முன்னே ஹார்டு டிஸ்க்கைச் செருகித் திறந்து காட்டினான். பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா நிற்கும் படம் திரை முழுக்க வந்தது. “சூப்பரா இருக்குக்கா, பத்திரமா எடுத்துத் தரேன்” என்றான். அந்த இடத்தில்தான் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். 18,500.

வாங்கி வந்தவை 22 டிஸ்க். ஒவ்வொன்றின்மேலும் தங்க நிறத்தில் வட்ட ஸ்டிக்கர், அதில் எங்கள் குடும்பப் பெயர். போன வாரம் அக்கா மகள் கல்யாணத்திற்குப் படம் தேட உட்கார்ந்தேன். முதல் டிஸ்க்கில் பாதிக்குமேல் போகவில்லை. டிரைவ் கர்ர் கர்ர் என்று இழுத்துவிட்டு “சைக்ளிக் ரிடண்டன்சி செக்” என்று பிழை காட்டியது. அடுத்ததும் அப்படியே. திறந்த படங்களாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. நாலைந்து எம்பி இருந்த படங்களைச் சுருக்கி முந்நூறு கேபி ஆக்கி வைத்திருக்கிறார்கள். முகத்தைப் பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

சந்தேகம் வந்து ஒரு டிஸ்க்கின் தங்க ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து நகத்தால் உரித்தேன். பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அடியில் சாதாரண கம்பெனி டிவிடி-ஆர், 16எக்ஸ், 4.7 ஜிபி என்று அச்சடித்திருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பளிச்சென்று ஊதா. அவர் வாயாலேயே “கெட்டுப்போயிடும்” என்று சொன்ன அதே டிஸ்க்!

கடைக்குப் போனேன். முதலில் “உங்க டிரைவ்ல தூசி இருக்கும் மேடம்”. வேறு டிரைவிலும் ஓடவில்லை என்றதும் “அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிட்டான், அவன்தான் போட்டது”. சரி, உங்கள் சிஸ்டத்தில் காப்பி இருக்குமே என்றால் “ஆறு மாசத்துல அழிச்சிடுவோம்”. அப்புறம் போனையே எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. திருப்பித் தந்த ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் டக் டக் என்று தட்டுகிறது, திறக்கவில்லை. “வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு” என்கிறார். அவர் கடையில், அவர் கம்ப்யூட்டரில் அப்பா முகத்தைப் பார்த்தேனே!

கேசட்டும் நெகட்டிவும் கையில் இருக்கின்றன, திரும்ப ஸ்கேன் செய்துகொள்ளலாம். ஹார்டு டிஸ்க்கில் இருந்த படங்களுக்கு வழியில்லை. அப்பாவின் கடைசி வருடங்கள் அதில்தான் இருந்தன.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்கை வாங்கவே வாங்காதீர்கள், ஒட்டுவதே டிஸ்க்குக்குக் கெடுதல். எம்-டிஸ்க் என்றால் அந்தப் பெயர் டிஸ்க்கிலேயே அச்சடித்திருக்கும், அதை எழுதும் டிரைவும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் கடைசி டிஸ்க்கின் கடைசி ஃபைல் வரை உங்கள் லேப்டாப்பில் காப்பி செய்து, ஃபைல் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த டிஸ்க்கையும் தனியாக நம்ப வேண்டாம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். பென் டிரைவில் போட்டுப் பல வருஷம் பீரோவில் பூட்டி வைப்பதும் ஆபத்துதான், மின்சாரமே படாமல் கிடந்தால் அதில் உள்ளது கரையும்.

பில்லில் டிஸ்க் வகையை எழுதச் சொல்லி வாங்குங்கள். என் பில்லில் “டேட்டா காப்பி சர்வீஸ் 18,500” என்று மட்டும்தான் இருக்கிறது. இருந்தாலும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷத்திற்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். உரித்த ஸ்டிக்கரையும் டிஸ்க்கையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.